சிறு வில்லையும் பெருமுகிலும்: விண்முகிற் படப்பிடிப்பில் தொலைநோக்கியின் அளவு

முன்னுரை

வானியல் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர் முதலில் எழுப்பும் வினா, "எவ்வளவு பெரிய தொலைநோக்கி வேண்டும்?" என்பதேயாகும். பெரிய கருவி இல்லாதவர்க்கு வானம் இல்லை என்னும் எண்ணம் அவ்வினாவினுள் மறைந்து கிடக்கிறது. வேலப்பன்சாவடியை அடுத்த நூம்பல் போன்ற புறநகர்ப் பகுதியில் வாழும் மாணவர்க்கு இவ்வெண்ணம் இன்னும் வலுவாகவே தோன்றும். ஒருபுறம் பொருள் வசதிக் குறைவு. மறுபுறம் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் விளக்கொளி. இரண்டும் உண்மையான தடைகளே. ஆயினும், விண்முகில்களைப் படம்பிடிக்கும் கலையில் 'பெரியதே சிறந்தது' என்னும் விதி செல்லுபடியாவதில்லை. எடுக்கும் பொருளுக்குப் பொருத்தமான அளவே சிறந்த அளவு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விண்முகில் என்பது யாது?

'நெபுலா' என்னும் இலத்தீன் சொல் முகிலையும் மூடுபனியையும் குறிக்கும். தமிழில் அதனை விண்முகில் என்கிறோம். விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வளியும் தூசும் சேர்ந்ததே அது. முற்காலத்தில் புகைபோல் மங்கித் தோன்றிய அனைத்தும் இப்பெயரால் வழங்கப்பெற்றன. பாரசீகத்து வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி, கி.பி. 964ஆம் ஆண்டளவில் இயற்றிய நிலைவிண்மீன்கள் பற்றிய நூலில், ஆந்திரமேடாப் பகுதியில் சிறு முகில் போன்ற ஒரு தோற்றத்தைக் குறித்துள்ளார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வெறுங்கண்ணால் கண்டு பதிந்த குறிப்பு அது. அம்முகில் நம் பால்வழிக்கு அப்பாற்பட்ட தனியொரு விண்மீன் மண்டலம் என்பதை எட்வின் ஹபிள் 1920களில் மெய்ப்பித்தார்.

இன்று விண்முகில் என வழங்கப்பெறுவனவற்றுள் சில தாமே ஒளி உமிழ்வன. சில அருகிலுள்ள விண்மீனின் ஒளியைப் பிரதிபலிப்பன. சில பின்னணி ஒளியை மறைத்து இருளாகத் தோன்றுவன. படம்பிடிப்போர் இவ்வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும்.

சிறு வில்லையின் பெருஞ்செயல்

விண்முகிலை முதன்முதலில் படம்பிடித்தவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர். அவர் 1880 செப்டம்பர் 30 அன்று, 11 அங்குலத் தொலைநோக்கியின் வழியே 51 நிமிடம் ஒளியை ஏற்கச் செய்து, ஓரியன் விண்முகிலைப் பதிவு செய்தார். 1883இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஆன்ட்ரூ காமன், 36 அங்குல ஆடியைக் கொண்டு அதே முகிலை எடுத்த படத்தில், கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் பதிந்திருந்தன. இருவருமே வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள்.

கருவிகள் பெரிதாகிக்கொண்டே சென்ற அக்காலத்தில் எதிர்த்திசையில் ஒரு பாடம் கற்பித்தவர் எட்வர்டு பர்னார்டு. வறிய குடும்பத்தில் பிறந்த அவர், ஒன்பது வயதளவிலேயே நாஷ்வில் நகரத்தில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிக் கல்வி அவருக்குச் சில திங்களுக்குமேல் வாய்க்கவில்லை. பின்னாளில் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் பணியேற்றார். அக்காலத்தில் உலகிலேயே பெரிதாயிருந்த 36 அங்குல வில்லைத் தொலைநோக்கி அங்கிருந்தது. ஆயினும், 1889 முதல் பால்வழியின் முகில்களைப் படம்பிடிக்க அவர் கையாண்டது, மனிதரின் உருவப்படம் எடுப்பதற்காகச் செய்யப்பெற்ற 6 அங்குல வில்லையேயாகும். பெரிய கருவி வானின் ஒரு சிறு துண்டையே காட்ட, சிறிய வில்லை முகிற்பரப்பு முழுவதையும் ஒரே தகட்டில் அடக்கியது.

பெருவில்லை இருக்கச் சிறுவில்லை வென்றது எங்ஙனம்? அதற்கான விடை எளிய கணக்கில் உள்ளது.

அளவின் கணக்கு

தொலைநோக்கியில் இரண்டு அளவுகள் முதன்மையானவை. ஒன்று வில்லையின் அல்லது ஆடியின் விட்டம். மற்றொன்று குவியத் தூரம். உருவத்தின் பருமையைத் தீர்மானிப்பது குவியத் தூரம். அதனை விட்டத்தால் வகுத்தால் வருவது குவிய விகிதம். விண்முகில் போன்ற பரந்த பொருளின் உருவம் படத்தில் எவ்வளவு பொலிவுடன் விழும் என்பதை இவ்விகிதமே தீர்மானிக்கிறது. விகிதம் சிறிதாயின் பொலிவு மிகும்.

60 மில்லிமீட்டர் விட்டமும் 360 மில்லிமீட்டர் குவியத் தூரமும் உடைய சிறு தொலைநோக்கி ஒன்றைக் கொள்வோம். அதன் விகிதம் 6. 200 மில்லிமீட்டர் விட்டமும் 2000 மில்லிமீட்டர் குவியத் தூரமும் உடைய மற்றொன்றின் விகிதம் 10. பெரியது சேர்க்கும் மொத்த ஒளி சிறியதைப் போல் 11 மடங்கு. எனினும் அவ்வொளி மிகப் பரந்த உருவத்தின்மேல் சிதறி விழுகிறது. ஆகவே முகிலின் பொலிவு சிறு கருவியில்தான் ஏறத்தாழ 2.8 மடங்கு மிகுந்திருக்கும்.

ஓரியன் விண்முகில் வானில் ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது முழுநிலவைப் போல் இரு மடங்கு, அகன்றது. அதன் உருவம் சிறு கருவியில் 6 மில்லிமீட்டர் அளவினதாகவும் பெரியதில் 35 மில்லிமீட்டர் அளவினதாகவும் விழும். 36க்கு 24 மில்லிமீட்டர் பரப்புடைய ஒளிப்படக் கருவியில் முன்னது எளிதில் அடங்கும். பின்னது விளிம்பு கடந்துவிடும்.

யாழ் விண்மீன் குழுவிலுள்ள வளைய விண்முகிலுக்கு இக்கணக்கு தலைகீழாகும். அதன் அகலம் ஏறத்தாழ 80 விகலைதான். சிறு கருவியில் அது 0.14 மில்லிமீட்டர் புள்ளியாகச் சுருங்கிவிடும், பெரியதில் 0.8 மில்லிமீட்டர் அளவில் வளையமாக விளங்கும். பரந்த முகிலுக்குச் சிறு கருவி, சிறு முகிலுக்குப் பெருங்கருவி என்னும் நெறி இதனால் பெறப்படுகிறது.

பெருங்கருவிக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. புவி சுழல்வதால் வானம் ஒரு நொடியில் 15 விகலை நகர்வதுபோல் தோன்றும். அவ்வொரு நொடியில் உருவம் சிறு கருவியில் 0.026 மில்லிமீட்டரும், பெரியதில் 0.145 மில்லிமீட்டரும் இடம்பெயரும். எனவே கருவி பெரிதாகுந்தோறும் வானைப் பின்தொடரும் தாங்கியின் துல்லியமும் மிகுதல் வேண்டும். தொடக்க நிலையினர் தொலைநோக்கியைவிடத் தாங்கிக்கு மிகுதியாகச் செலவிடுதல் நன்று.

நூம்பலும் காவலூரும்

சென்னைப் பகுதி வடகுறுக்கை 13 பாகையில் அமைந்துள்ளது. துருவ விண்மீன் இங்கு அவ்வளவு உயரத்திலேயே நிற்பதால், நூம்பலின் கட்டடங்களுக்குப் பின்னே அது மறைதல் இயல்பு. தாங்கியின் அச்சை வடதுருவம் நோக்கி நிறுத்துதல் சற்றுக் கடினம். இவ்விருப்பிடத்தால் நன்மையும் உண்டு. ஓரியன் விண்முகில் உச்சம் கடக்கையில் 72 பாகை உயரத்தில் விளங்கும். இலண்டன் மாநகரில் என்றுமே உதிக்காத கரீனா விண்முகிலும், தென்வானில் 17 பாகை உயரம் வரை இங்கு எழும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசித் திங்களில் ஓரியனையும், பங்குனி, சித்திரையில் கரீனாவையும் நிலவற்ற இரவுகளில் நாடலாம்.

நகர ஒளிக்கும் ஓரளவு மாற்று உண்டு. ஒளி உமிழும் முகில்கள், ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர், ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் போன்ற குறிப்பிட்ட அலைநீளங்களிலேயே மிகுதியாக ஒளிர்கின்றன. அவற்றை மட்டும் விடுத்து ஏனையவற்றைத் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்தினால், தெருவிளக்கொளியின் பெரும்பகுதி விலகும். கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்த முகில் பிரதிபலிப்பு வகையினது. அதற்கு இவ்வடிகட்டி உதவாது. இருண்ட ஊரையே நாடல் வேண்டும். மேலும், ஒரே முகிலைப் பல நூறு முறை எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்க்கும் முறையும் இன்று எளிதாகியுள்ளது. நூறு படங்களைச் சேர்த்தால் முகிலின் ஒளிக்கும் படத்தின் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பத்து மடங்கு உயரும்.

பெருங்கருவியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆலங்காயத்தை அடுத்த சவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் ஆடித் தொலைநோக்கி உள்ளது. நம் நாட்டிலேயே உருவாக்கப்பெற்று 1986 சனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பெற்ற அது, வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் முதன்மைக் குவியத்தில் ஓரியன் முகிலின் உருவம் 13 சென்டிமீட்டர் அளவுக்கு விரியும். முகிலின் முழுத்தோற்றத்தை ஒரே படத்தில் அடக்குவது அதன் வேலையன்று. மங்கிய சிறுபொருளின் ஒளியைத் திரட்டி ஆராய்வதே அதன் தனித்திறன். அக்காவலூரும் 1968இல், கொடைக்கானல் பணிமனையில் செய்யப்பெற்ற 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன்தான் தொடங்கிற்று என்பது எண்ணத்தக்கது.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஒவ்வோர் அளவுக்கும் அதற்கேற்ற வானப் பகுதி உண்டு என்பது தெளிவாகும். பர்னார்டு கையிலிருந்த உருவப்பட வில்லை போன்றதொரு சிறு வில்லை, திருமணப் படம் எடுக்கும் நம் ஊர்ப் புகைப்படக்காரரிடமும் இருக்கக்கூடும். அதனை வானைப் பின்தொடரும் தாங்கி ஒன்றில் ஏற்றினால் போதும். விண்முகிற் படப்பிடிப்பு தொடங்கிவிடும்.

கல்வி நிறுவனங்களை நடத்தும் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் இரண்டு. கல்லூரி தோறும் நல்ல தாங்கியுடன் சிறு தொலைநோக்கி ஒன்று இருத்தல் வேண்டும். வளாக விளக்குகள் ஒளியை வானோக்கி வீசாமல் தரைநோக்கி வீசுமாறு மறைப்பிடுதல் வேண்டும். முன்னது மாணவர்க்குக் கருவியைத் தரும். பின்னது அக்கருவி காணத்தக்க வானத்தைத் தரும். மாணவரோ கருவியின் பருமையை அளந்து தயங்காமல், தாம் காண விழையும் முகிலின் அளவை முதலில் அறிந்து பணியைத் தொடங்குவாராக.