பீலிக்கு மேலே கூடாரம் வேண்டாம்

கேள்வி: பழைய மாணவர்கள் இருபத்தைந்து பேர், டிசம்பர் விடுமுறைக்குப் பம்பரகந்த அருவிப் பக்கம் முகாம் போட இருக்கிறோம். காலம் சரியா?

பதில்: சரியில்லை. ஒக்டோபர் தொடங்கினால் ஜனவரி வரை இந்தச் சரிவுகளில் மழைதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனது இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில். பெப்ரவரிக்குத் தள்ளிப் போடுங்கள். அப்போதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால், வேனுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும், வர வேண்டாம்.

கேள்வி: தியலும அருவியின் உச்சியில் உள்ள குளங்களில் இரவில் குளிக்கலாமா?

பதில்: கூடாது. அங்கே விளிம்பைத் தாண்டினால் 220 மீற்றர் பள்ளம். குடித்தவர் பகலிலும் இறங்கக் கூடாது.

கேள்வி: ஓடையோரம் கூடாரம் அடித்தால் சமையலுக்கும் கழுவவும் வசதி என்கிறார்கள் நண்பர்கள். வேறு இடம் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த ஓடை கீழே எங்கே போகிறது என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? கொஞ்ச தூரத்தில் கல்லடுக்கி, குழாய் சொருகி, அதே தண்ணீரை லயத்துப் பீலிக்கு இறக்கியிருப்பார்கள். கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்கள் குடம் பிடிப்பது அதில்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கையேந்திக் குடிப்பதும் அதில்தான். நீங்கள் மேலே கோழிச்சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறீர்கள்; விடிந்ததும் அத்தனை பேரும் ஓடைப் பக்கமே ஒதுங்குகிறீர்கள். ஞாயிறு மத்தியானம் வேன் ஏறிப் போய்விடுவீர்கள். திங்கட்கிழமை பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால், அன்றைய பேர்க் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் அதன் தாய்.

தண்ணீரிலிருந்து 60 மீற்றராவது விலகி அடியுங்கள். வாளியில் மொண்டு வந்து அங்கேயே கழுவி, அழுக்கு நீரை மண்ணில் ஊற்றுங்கள். ஒதுங்குவதற்கும் அதே தூரம், ஒரு சாண் ஆழக் குழி, பிறகு மண் மூட வேண்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் குழி போதாது. கழிப்பறை உள்ள இடமாகவே பாருங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போதே, "பீலித் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்றும் கேளுங்கள். அந்த ஊற்றுக்கு மேலே அடுப்பும் வேண்டாம், குளியலும் வேண்டாம்.

கேள்வி: ஓகஸ்டில் வருகிறோம். நடுவில் பெரிய நெருப்பு மூட்டி ஆடலாமா?

பதில்: கச்சான் காற்றில், காய்ந்த மானாப்புல்லுக்கு நடுவிலா? ஒரு பொறி போதும், மலையே எரியும். காஸ் அடுப்போடு நிறுத்துங்கள்.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது?

பதில்: நீளக் காலுறை போட்டு, அதன் மேல் சவர்க்காரம் பூசுங்கள்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பெண்கள். வீட்டில் அம்மாவுக்குப் பயம். போகலாமா?

பதில்: தாராளமாக வாருங்கள், மகளே. பக்கத்துத் தோட்டத்தில் வழி தெரிந்த அக்கா ஒருவரை, நியாயமான கூலி பேசி, இரவும் கூடவே தங்கச் சொல்லுங்கள். இடம், வேன் இலக்கம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. மலை மறைவில் சிக்னல் கிடைக்காது. எந்த மேட்டில் கிடைக்கிறது என்று இருட்டுவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும் அந்த அக்கா வீட்டிலேயே சொல்லிவிடலாம். கொழும்பிலிருந்து பச்சைக் கோழி சுமந்து வராதீர்கள், வழியிலேயே கெட்டுப்போகும்.