கோடு பிடித்து ஓடும் வண்டி



நம்ம வல்லக்கோட்டைப் பிள்ளைகள் பலர் ஒரகடம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். பெரிய தொழிற்சாலைகளில், தரையில் போட்ட கோட்டைப் பிடித்தே ஆளில்லாமல் சாமான் வண்டி ஓடுவதுண்டு. அதையே சின்னதாகச் செய்து ஓட்டுவதுதான் மாணவர்களின் ரோபோ போட்டி.

கறுப்புக் கோட்டின் இருபக்கமும் ஒவ்வொரு சென்சார், தரையில் ஒளி பாய்ச்சும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். இடது சென்சார் கறுப்பின் மேல் வந்தால் இடது சக்கரம் நிற்கும். வண்டி இடப்பக்கம் திரும்பிக் கோட்டுக்கு வரும். கோடு தவறாமல் சீக்கிரம் முடித்தால் வெற்றி.

2016-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், தேர்வான பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடல் டிங்கரிங் ஆய்வகம் உண்டு. "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று நாமே தடுக்கலாமா? அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தலைமை ஆசிரியரிடம் கேட்போம்: "எங்க பொண்ணையும் சேர்த்துக்குவீங்களா?"