செவிக்கருவியின் தரங்காணல்

செவித்துளையினுட் பொருத்திக் கேட்கும் இயர்போன் இந்நாளில் மாணவர் பலரிடத்தும் உளது. விலையும் விளம்பரமும் அதன் தரத்தை அளக்கும் கோலாகா. நாம் பழகியறிந்த இசையே அதற்குத் தக்க உரைகல்லாம்.

பொருநை நாட்டுக் காருகுறிச்சியிற் பிறந்த நாகசுர மேதை அருணாசலம் (1921–1964), ‘கொஞ்சும் சலங்கை’ (1962) என்னும் திரைப்படத்தில் எஸ். ஜானகியின் பாடலோடு இணைந்து வாசித்தமை யாவரும் அறிந்ததே. குரலும் நாகசுரமும் நெருங்கி ஓடுமிடத்தில் இரண்டும் தனித்தனியே விளங்குமாயின், அக்கருவி இடையொலியை நன்கு தருவதென்க. நாகசுரத்தின் உச்ச ஒலி செவியைக் குத்துமாயின், மேலொலி அளவின் மிக்கதென்க.

கீழொலியை அறியத் தவிலின் தொப்பியைக் கேட்டல் வேண்டும். அது மெலிந்து ஒலிப்பின் உடனே கருவியைப் பழித்தல் தகாது. நுனியிலுள்ள ரப்பர் மூடி செவித்துளையோடு இறுகப் பொருந்தாவிடில், இடைவெளி வழியே கீழொலி கசிந்துவிடும். ஆதலின், உடன்வரும் சிறிதும் பெரிதுமான மூடிகளை மாற்றிப் பார்த்த பின்னரே முடிவு கூறுக. அமைப்பும் ஒலியும் வேறல்ல என்பது ஈண்டு விளங்கும்.

இரு கருவிகளை ஒப்பிடுங்கால் ஒலியளவைச் சமமாக்குதல் இன்றியமையாதது; சற்று உரத்து ஒலிப்பதையே நல்லதெனக் கொண்டு செவி மயங்குமாதலின்.

பொருத்தத்தால் விளையும் பயன் பிறிதொன்றும் உண்டு. ஓடும் பேருந்தின் இரைச்சல் உட்புகாதாயின், ஒலியை உயர்த்த வேண்டுவதில்லை. 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரமே வளர்ந்தோர்க்கு வரம்பென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. உட்செவியின் மயிரணுக்கள் அழியின் மீண்டும் முளையா. ஆகலின், மெல்லிய அளவிலும் இசையின் நுட்பம் குன்றாது தருவதே சிறந்த கருவியெனத் தெளிக.