கப்பலில் முதல் நாள்: தம்பதிகள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் உல்லாசக் கப்பல் பயணம் மூன்று நான்கு இரவுகளில் முடிந்துவிடும். அதில் முதல் நாள் என்பது உண்மையில் அரை நாள்தான். மதியம் ஏறி, மாலை புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டோடு பொழுது போய்விடும். அந்த அரை நாள் எப்படிக் கழியும் என்பதில் பாதி, ஊரில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில் விமானம். சென்னையில் நள்ளிரவு ஏறினால், இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, காலை ஏழு மணி வாக்கில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம் என்று இப்படிக் கிளம்புகிறவர்கள் உண்டு. ஆனால் விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். அதனால் முந்தின நாளே போய் லிட்டில் இந்தியாவில் தங்குவதுதான் சரி. காலையில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு, எம்.ஆர்.டி. ரயிலில் மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்கினால் கப்பல் முனையம் நடக்கிற தூரம்.

ஏறும் நேரத்தில் சீக்கிரமானதையே எடுக்கலாம். முனையத்தில் கொடுக்கும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகும். பாஸ்போர்ட், மாத்திரை, நீச்சலுடை, ஒரு மாற்றுடை இவை மட்டும் கைப்பையில் இருந்தால், கூட்டம் சேருமுன் நீச்சல்குளம் இருவருக்கும் கிடைக்கும்.

பணம் அதிகம் போவது அறையில்தான். ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று விலை படிப்படியாக ஏறும். புதுமணத் தம்பதிக்குப் பால்கனி ஆசை வருவது இயல்பு. ஆனால் மூன்று இரவுப் பயணத்தில் பகலெல்லாம் வெளியில்தான் கழியும். கப்பல் கிளம்பும் காட்சியும் மேல்தளத்திலிருந்தே நன்றாகத் தெரியும். நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களுக்கு நடுவே கப்பல் நகரும் அந்த மாலையை அறைக்குள் இருந்து பார்க்க வேண்டியதில்லை. தலைசுற்றல் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் மிகக் குறைவு. சுமத்ராவின் மறைவில் இருக்கும் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. தென்மேற்குப் பருவத்தில் புக்கெட் பக்கம் அப்படியல்ல. அந்த மாதங்களில் முன்முனையில் உள்ள பால்கனி அறையைவிட நடுவில் உள்ள ஜன்னல் அறை எவ்வளவோ மேல்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிப் பந்தியா, எட்டு மணிப் பந்தியா என்று கேட்பார்கள். அங்கே ஆறு என்றால் நம் வயிற்றுக்கு மாலை மூன்றரை. எட்டு மணியையே சொல்லுங்கள். சைவம், ஜைன உணவு வேண்டுமானால் முன்பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும்.

மது பேக்கேஜில் தம்பதிகள் ஏமாறுவது சுலபம். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் ஒருவர் வாங்கினால், அதே அறையில் உள்ள மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும். ஒருவர் மட்டுமே குடிப்பவர் என்றால் கோப்பைக் கணக்கில் வாங்குவதே லாபம்.

ஒன்றில் மட்டும் தேர்வுக்கு இடமில்லை: பாதுகாப்பு ஒத்திகை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, ஆபத்தில் கூட வேண்டிய இடத்துக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்பதுதான் அபாய அறிவிப்பு. அறைக்குப் போகும் வழியிலேயே, இருவரும் சேர்ந்து அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.