வளவு இல்லாத வீட்டிலும் மரக்கறி: விதையிடும் முறை

வெள்ளவத்தை என்ற பெயருக்குள் ஒரு தோட்டம் ஒளிந்திருக்கிறது. 'வத்தை' என்பது சிங்களத்தில் தோட்டத்துக்குரிய சொல். கொட்டாஞ்சேனையின் முடிவில் வரும் 'சேனை'யும் பயிர்நிலத்தின் பெயர்தான். ஆனால் இன்று வெள்ளவத்தையில் மாடிவீடுகளுக்கிடையே ஒரு முழ நிலம் காண்பது அரிது. கொட்டாஞ்சேனையில் 'தோட்டம்' என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். அங்கே மண் இருப்பது பூச்சாடிக்குள் மட்டுந்தான். "எங்களுக்கு வளவே இல்லை, மரக்கறியை எங்கே வளர்ப்பது?" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வியே.

ஆயினும் 2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாவுக்கு வாங்கினோம். அதற்குச் சற்று முன்னர், யூன் மாதத்தில், வீட்டில் பயிர் செய்யும்படி கூறி அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் வழங்கப்பட்டது. பாணுக்கு வரிசையில் நின்ற 1973, 1974ஆம் ஆண்டுகளை நினைவில் வைத்திருந்த முதியவர்கள், மரவள்ளித் தடியைத் தேடத் தொடங்கினார்கள். மற்றவர்கள் விதைப் பைக்கற்றுகளை வாங்கினோம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு பைக்கற்று மிளகாய் விதை முழுவதையும் ஒரு பழைய பேசினில் கொட்டி, மண்ணால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். எட்டாம் நாள் பச்சைப் பாய் விரித்தாற்போல முளைத்தது. வீட்டார் எல்லோரையும் அழைத்துக் காட்டினேன். இரண்டு நாள் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அத்தனையும் தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன. எங்கள் ஒழுங்கையில் அவ்வாண்டு தொடங்கிய சாடிகளில் அநேகமானவை வருடம் முடியுமுன் வெறுஞ்சாடிகளாகிவிட்டன. விலை ஏறிய பிறகு விதை போடுகிறவருக்கு மிளகாய் காய்க்க இரண்டரை மாதம் செல்லும். அந்த இரண்டரை மாதமும் பசி காத்திருக்காது. விலை மலிந்திருக்கும் காலத்திலேயே நான்கு சாடியில் பயிர் வைத்து, நாற்று வளர்க்கக் கை பழகி, உயிருள்ள விதையைப் போத்தலில் வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் அந்த நாளில் சாடி உதவும்.

முதலில் உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயற்றை போன்ற காய்க்கும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மூன்று, நான்கு மணி நேரமே கிடைக்குமாயின் அவற்றில் மனத்தை வையாதீர்கள்; கீரைக்குத் திரும்புங்கள். பசளி அந்த வெளிச்சத்தில் நன்றாகவே படரும். பொன்னாங்காணிக்கும் வல்லாரைக்கும் விதை தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிய கட்டில் வேரோடு இருக்கும் தண்டுகளை நட்டாலே போதும். மாடிவீட்டார் இன்னுமொன்றைக் கவனிக்கவேண்டும். கொழும்பு நடுக்கோட்டுக்கு மிக அண்மையில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்றைய மாதங்களில் தெற்கே நிற்கும். தெற்குப் பார்த்த பல்கனியில் ஜனவரியில் காய்த்துக் குலுங்கிய மிளகாய் யூனில் வாடி நிற்பது இதனாலேயே. சாடியை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்து, விதைக்கு உயிர் இருக்கிறதா என்று அறியவேண்டும். பத்து விதைகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியில் பரப்பிச் சுருட்டி, ஒரு பொலித்தீன் பையில் இட்டுச் சமையலறையில் வையுங்கள். பயற்றை மூன்று நான்கு நாளிலும், தக்காளி ஐந்து முதல் ஏழு நாளிலும், மிளகாயும் கத்தரியும் ஆறு முதல் பத்து நாளிலும் முளைவிடும். பத்தில் எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்து முளைத்தால் இரட்டிப்பாக விதையுங்கள். இரண்டு மூன்றுதான் முளைத்ததென்றால் அந்தப் பைக்கற்றை நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம். கண்ணாடிக் கதவுக்குள் மாதக்கணக்காக வெயில் காய்ந்து தொங்கிய பைக்கற்றுகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

இனி நாற்று. நம்முடைய தோல்விகளிற் பெரும்பாலானவை இங்கேதான் நிகழ்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

யோகட் கோப்பைகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். அடியில் நான்கைந்து துளைகள் இடுங்கள். சாதாரண மண், நன்கு மக்கிய கூட்டெரு, மணல் மூன்றையும் சம பங்காகக் கலந்து, கொதிநீரை ஊற்றி ஆறவிட்டு, ஈரம் வடிந்த பின் நிரப்புங்கள். கொதிநீர் மண்ணிலுள்ள நோய்ப் பூஞ்சணங்களைக் குறைக்கும். மணலுக்குப் பதிலாகத் தும்புத்தூளும் சேர்க்கலாம். ஆனால் அதிலுள்ள உப்பு நீங்கும்படி இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தே பயன்படுத்தவேண்டும்.

ஒரு கோப்பையில் இரண்டே விதை. இரண்டும் முளைத்தால், மெலிந்ததை நகத்தால் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். விதையின் பருமனைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழம் போதும். முளைக்கீரை விதை தூசு போன்றது. அதை ஒரு பிடி மணலோடு கலந்து மேலே தூவி, விரலால் மெல்ல அழுத்திவிட்டாலே முளைக்கும். வெண்டி விதையை ஓரிரவும், தடித்த ஓடுள்ள பாகல் விதையை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். வெண்டி, பயற்றை, பாகல் ஆகியவற்றுக்கு வேர் அசைவது பிடிக்காது. அவற்றை வளரவேண்டிய சாடியிலேயே நேராக ஊன்றுவது நல்லது.

என் பேசினில் விழுந்த நாற்றுகளுக்கு வந்தது நாற்றழுகல் நோய். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்க்கோத்துக் கறுத்து, நூல்போலச் சுருங்கி, செடி ஒரே இரவில் சாயும். நெருக்கி விதைப்பதும், மேல்மண் காயுமுன் மறுபடி தண்ணீர் ஊற்றுவதும், காற்றோட்டமில்லாமையும் இதற்கு வழி திறக்கும். வந்தபின் மருந்தில்லை என்றே கொள்ளுங்கள். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டாதபோது மட்டும், கோப்பையை ஒரு தட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்து அடியால் உறிஞ்சவிடுங்கள். மழை நேரடியாக அடிக்காதபடி கூரைச் சாய்ப்பின் கீழ், ஆனால் வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் நாற்று வெளிறி நெடுத்து, காற்றடித்தால் விழுந்துவிடும்.

கொழும்பின் மழைக்கு இரண்டு உச்சங்கள் உண்டு: ஏப்ரல் இறுதியும் மே மாதமும் ஒன்று; ஒக்டோபரும் நவம்பரும் மற்றொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் ஊர்க் கணக்கில் மாரி மழையோடு விதைத்து ஏமாறுவதுண்டு. ஊரில் மழையைத் தேடிப் பயிர் வைத்தோம்; இங்கே மழைக்கு ஒளித்துப் பயிர் வைக்கவேண்டியிருக்கிறது. தக்காளிக்கு ஏற்ற கணக்கு ஒன்று சொல்கிறேன். திருவருகைக் காலம் தொடங்கும்போது கூரைக்குக் கீழே விதையுங்கள். கிறிஸ்மஸ் வேலைகள் முடிந்து மூவிராசாக்கள் திருநாள் வரும்போது நாற்றுக்கு நான்கைந்து இலை வந்திருக்கும். அப்போது சாடிக்கு மாற்றினால், ஜனவரி, பெப்ரவரியின் நல்ல வெயில் முழுவதும் அதற்குக் கிடைக்கும். தவசு காலத்தில் பழம் பறிக்கலாம். மிளகாய், கத்தரி நாற்றுக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாக வேண்டும். முளைக்கீரைக்குக் காலக்கணக்கே தேவையில்லை. மழை அடிக்காத மூலையில் எப்போது தூவினாலும் மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களும் பிள்ளைகளும் அதில் தொடங்குவதே புத்தி. முதல் மாதத்திலேயே ஒரு சுண்டல் சாப்பிட்டவர்கள் இலேசில் கைவிடமாட்டார்கள்.

நாற்றை மாலை நேரத்திலேயே மாற்றி நடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பன்னிரண்டு அங்குல வாயுள்ள சாடியோ பழைய பெயின்ற் வாளியோ போதும். ஒன்றில் ஒரு செடிதான். கொடி ஏற இடமில்லாதவர்கள் 'புஷிட்டா' என்ற செடிப் பயற்றை இனத்தைக் கேட்டு வாங்கலாம். வெள்ளவத்தையில் கடற்பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்று நேரே படாதபடி சுவர் மறைவில் வையுங்கள். கிணற்று நீர் உவராக இருந்தால் அரிசி கழுவிய நீரும் குழாய் நீருமே பாவியுங்கள்.

சாடியின் கீழ் வைக்கும் தட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் டெங்குக் காய்ச்சல் கண்டவர்கள் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு மேல். நுளம்பு முட்டையிலிருந்து வெளிவர ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டையும் வெறும் வாளியையும் வாரத்தில் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டே வையாதிருப்பது இன்னும் நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

பசளைக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. அதே 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒன்றாக வந்த அந்த நாளில், மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடி முப்பத்திரண்டு பேர் மாண்டார்கள். அந்த மேட்டில் நம் வீட்டு மரக்கறித் தோலும் இருந்தது. துளையிட்ட வாளி ஒன்றில் ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, கிழித்த காகிதம் என்று அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த கூட்டெரு கிடைக்கும். மீன் கழிவை மட்டும் போடாதீர்கள்; எலி வரும்.

நத்தையை இரவில் விளக்கோடு சென்று பொறுக்குவதைவிட வேறு வழியை நான் காணவில்லை. பூச்சிகளுக்குச் சவர்க்கார நீர் ஓரளவு உதவும். ஆனால் தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு வரும் வாடல் நோய் வேறு. இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டுவிடும். தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்தால் பால்போன்ற இழை இறங்கும். அது கண்டால் செடியை வேரோடு அகற்றுங்கள். அந்தச் சாடி மண்ணில் இம்மூன்றையும் மறுபடி நடாமல் கீரையோ பயற்றையோ போடுங்கள். 'திலின' என்ற தக்காளி இனம் இந்நோயை ஓரளவு தாங்கும். உண்மையைச் சொன்னால், கொழும்புச் சாடியில் தக்காளி கொடுக்கும் பலனைவிடத் தரும் கவலை அதிகம். இரண்டு மிளகாய்ச் செடியும் ஒரு கத்தரியும் ஒரு வீட்டுக்குச் செய்யும் உபகாரம் பெரிது.

கடைசியாக விதை எடுத்தல். பைக்கற்றில் 'எப்-1' என்றோ கலப்பினம் என்றோ இருந்தால் அதன் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள். பிள்ளைச்செடி தாயைப்போல வராது. மற்றைய இனங்களில், ஆகச் சிறந்த செடியின் நல்ல காயொன்றைப் பறிக்காமல் விடுங்கள். முதற்காயை ஆசையோடு கறிக்கு வெட்டிவிட்டு, செடி ஓய்ந்தபின் கடைசியில் வரும் சூம்பற் காயை விதைக்கு விடுகிறவர்கள் நம்மில் அநேகர். குருநகரிலிருந்து எங்களோடு வந்து தங்கிய என் மாமியார், விதைக்கு விட்ட கத்தரிக்காயில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவார். அதைத் தொட யாருக்கும் துணிவு வராது. கத்தரி மஞ்சளாகும்வரை, மிளகாய் நன்கு சிவக்கும்வரை, வெண்டியும் பயற்றையும் செடியிலேயே காய்ந்து சலசலக்கும்வரை விடவேண்டும். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவுங்கள். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள்.

கொழும்பின் ஈரக்காற்று விதைக்கு எமன். போத்தலின் அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்டு, விதையைக் கடதாசியில் மடித்து மேலே வைத்து, இறுக மூடி, குளிரூட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லாதவர்கள் விதையைச் சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து வைக்கலாம். ஊரில் செய்தது அதுவே. இனத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். விதைக்கும் காலம் வரும்போது பழைய ஆண்டின் போத்தலை முதலில் திறந்து, பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டுங்கள்.