அலுவலகத்திலும் சீட்டு நினைவு ஏன்?

இரவு 2 மணி வரை இணையத்தில் போக்கர் ஆடியவர், மறுநாள் வேலையில் தூங்கி வழிவது புரிகிறது. கூட்டத்தின் நடுவே, மேசைக்கடியில் கைப்பேசியைத் திறப்பது ஏன்?

மாணவர்களே, டோபமினைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களைக் குரங்குகளிடம் ஆராய்ந்த ஷுல்ட்ஸ் குழுவினர், 2003இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். பானம் உறுதியாகக் கிடைக்கும் என்றாலும், கிடைக்கவே கிடைக்காது என்றாலும், காத்திருக்கும் வேளையில் அவை அடங்கியிருந்தன. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் மிக அதிகமாகத் துடித்தன. நிச்சயமின்மைக்கே தனி ஈர்ப்பு உண்டு போலும். போக்கரில் ஒவ்வொரு சுற்றும் அப்படித்தான். மாதச் சம்பளமோ உறுதியானது, பாவம்!

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 கையேட்டில், சூதாட்டக் கோளாற்றை மது, போதைப்பொருள் பழக்கங்களோடு சேர்த்தது. அதன் 9 அறிகுறிகளில் ஒன்று, சூதாட்டத்தால் வேலைக்கோ படிப்புக்கோ ஆபத்து வருவது. ஆம், படிப்பும் அதே வரியில்தான் இருக்கிறது.