பாட்டிகள் கற்ற பாடம்

பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டியைப் பெறும் மாணவிக்கு, பெண் மிதிவண்டி ஓட்டுவது ஓர் அன்றாடக் காட்சி. அவளுடைய பாட்டி காலத்தில் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களில் அது ஊர் கூடிப் பார்க்கும் அதிசயம். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை எட்டாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளைகளில் கற்பித்தேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

பாடப் பின்னணி

1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி சென்றனர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்கள் வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியை வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்க முடிந்தது.

அதே காலத்தில், கல் குவாரிகளில் கூலிக்கு உழைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தனர். லோடு கணக்கும் கூலிக் கணக்கும் அவர்கள் கைக்கே வந்தன.

வகுப்பறைச் செயல்பாடு

வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு மூதாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொன்னேன். மிதிவண்டி ஓட்டக் கற்றீர்களா? யார் கற்றுக்கொடுத்தார்? அதனால் என்ன மாறியது?

ஒரு மாணவி கொண்டுவந்த பதில் வகுப்பையே பேச வைத்தது. அவளுடைய பாட்டி, பகலில் வெட்கமாக இருந்ததால் இருட்டிய பிறகு பள்ளித் திடலில் பழகினாராம். இரண்டு பெண்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்களாம். நாலைந்து நாளில் அவரே இன்னொருத்தியின் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினாராம். “எழுத்து மறந்துபோச்சு, வண்டி மறக்கல” என்றும் சொல்லியிருக்கிறார்.

“ஏன் ஒன்று மறந்தது, மற்றது மறக்கவில்லை?” என்று வகுப்பில் கேட்டேன். “வண்டியைத் தினமும் ஓட்டினாங்க டீச்சர், எழுத்தை எங்க எழுதினாங்க?” என்றான் ஒரு மாணவன். அன்றைய பாடத்தின் சாரம் அதுதான்.

நமக்கான பாடம்

இன்று நம் பள்ளிகளிலேயே புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையங்கள் நடக்கின்றன. அங்கு வரும் தாய்மார்கள் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட்டால், அந்தப் பாட்டிக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேரும். வங்கிக் கணக்குப் புத்தகம், மகளிர் குழுப் பதிவேடு, நூறு நாள் வேலை அட்டை, பேருந்துப் பலகை ஆகியவற்றையே வாசிப்புப் பாடமாக்கலாம். எழுத்து அன்றாட வேலைக்கு உதவினால்தான் கையில் தங்கும்.

முதலில் வாசிக்கத் தொடங்கியவரை அடுத்தவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம் வகுப்பறையில் மெல்லக் கற்கும் குழந்தைகளுக்கும் இந்த முறை உதவும். என் வகுப்பில் இதை இணை வாசிப்பாகச் செய்துவருகிறோம்.

அந்த மாணவி இப்போது தினமும் மாலையில் பாட்டியோடு அவருடைய வங்கிப் புத்தகத்தை வாசிக்கிறாள். கேரியரைப் பிடிப்பது இப்போது பேத்தியின் முறை.